புது டிரைவர்

நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் பூபதிக்குக் கால்ஃப் பைத்தியம். பந்தை வெகுதூரம் அடிக்கிற மட்டைக்கு டிரைவர் என்று பெயர். கம்பெனி வருசத்துக்கு ஒன்று புதிதாக விடும். இவரும் தவறாமல் வாங்கிவிடுவார்.

"போன வருசத்து மட்டைக்கு என்னங்க கொறச்சல்?" என்றாள் அவர் மனைவி பிரபா, அலுப்போடு.

"அதுல பந்து போகமாட்டேங்குது. இதுல இருநூறு மீட்டரச் சுளுவாத் தாண்டுது."

பிரபா காப்பியை ஆற்றினாள்.

"இனிமே ரெண்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் புதுசு விடுவாங்களாம். உனக்குச் சந்தோசந்தானே?"

அவள் முகம் வாடியது. "ரெண்டு வருசமாங்க?"

அவர் குளிக்கப் போனதும், அவர் பந்தடிக்கும் தரிசு நிலத்துக்கு நடந்தாள்.

அவருடைய கையில் பலம் வருசாவருசம் குறைந்துகொண்டே போகும், மருந்தில்லை என்று டாக்டர் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு புது மட்டை வரும்போதும், இருநூறு மீட்டர் என்று எழுதிய பலகையைப் பிடுங்கி, அவர் நின்று அடிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கிட்டத்தில் நட்டுவிடுவாள். பழைய மட்டைதான் மோசம் என்று அவரும் நம்பிவந்தார்.

அடுத்த வருசம் எதன்மேல் பழியைப் போடுவது என்று தெரியாமல், பிரபா வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.