விதிமீறல் இல்லாத படம்

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிச் செத்துப்போன கணவனின் உடலைப் படமெடுத்து எங்கள் சமூக வலைத்தளத்தில் போட்டிருந்தாள் செல்லக்கிளி. இறக்கிவிட்ட ஒப்பந்தக்காரரின் பெயரையும் எழுதியிருந்தாள். இப்படி வரும் பதிவுகளைப் பார்த்து நீக்குவதுதான் என் வேலை.

"இது சாட்சி சார்," என்றேன்.

"பொணம் தெரியுதுல்ல? ஸ்கூல் பிள்ளைங்களும்தான் பார்க்குது. தூக்கிடு," என்றார் மேலாளர் ஜெரால்டு. அவர் சொன்னதும் நியாயம்தான். அதுதான் எரிச்சல். தூக்கினேன்.

மறுநாள் முகத்தை மறைத்துப் போட்டாள். தூக்கினேன். அடுத்த நாள் கால்கள் மட்டும். அதையும் தூக்கினேன். நான்காம் நாள் வெறும் ஒப்பந்தக்காரர் பெயர். நிரூபிக்காத குற்றச்சாட்டு என்று அதுவும் போனது.

"வேற என்னதாங்க போடச் சொல்றீங்க?" என்று எழுதிக் கேட்டாள். பதில் எழுத எங்களுக்கு அனுமதியில்லை. விதிமுறைப் பக்கம் மட்டும் தானாகப் போய்ச் சேர்ந்தது.

ஐந்தாம் நாள், இறங்குமுன் அவன் கழற்றிவிட்டுப்போன செருப்புகளின் படம். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அப்பாடா என்று அனுமதித்தேன்.

அதன் கீழே வந்த முதல் கருத்தை நீக்கத்தான் எந்த விதியும் கிடைக்கவில்லை.

"சைஸ் எட்டு இருக்கா? என்ன விலை?"