எருமை நின்ற மூலை

மிருகங்களின் கபடியிலும் அளவெடுக்கும் மோகம் வந்துவிட்டது. இரண்டு அணிக்கும் முதுகில் கருவி கட்டியாயிற்று. யார் எங்கே, எவ்வளவு ஓடினார் என்று திரை சொல்லிவிடும்.

முதல் நாள் ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் கொக்கு திரையைப் பார்த்தது.

"மான் மூவாயிரம் அடி. எருமை, நீ நாற்பதே அடி. மூலையில் தூங்கினியா? நாளைக்கு வெளியே உட்காரு."

"உட்கார மாட்டேன்," என்றது எருமை. "எதிரணி நரி எங்கே ஓடிச்சுன்னும் பாருங்க."

முனகிக்கொண்டே கொக்கு பார்த்தது. நரி இருபது தடவை பாடி வந்திருந்தது. எருமை நின்ற மூலைப் பக்கம் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை.

அந்நேரம் நரியே வந்து குழைந்தது. "நாளைக்கு எருமைக்கு ஓய்வாமே, அண்ணே?"

கொக்கு திரையை அணைத்தது.

"யார் சொன்னது? அதே மூலையில் நிற்கும். வந்து பார்."