பூட்டிய கதவில் ஒரு வட்டம்

மாலை நாலரை மணி வெயில் பத்தாம் வகுப்பின் பச்சைக் கதவில் சாய்ந்து விழுகிறது. கதவில் புதுப் பூட்டு. பள்ளி விட்டபின் சம்பளமில்லாமல் கணக்குச் சொல்லித்தர வரும் தையல்காரி அதை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறாள். "தேறாத கேசுகளுக்கு எதுக்கு ரூமுன்னு ஹெட்மாஸ்டர் கேக்கறாரும்மா," என்கிறார் பியூன், சாவிக்கொத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி. அந்தத் தேறாத கேசுகள் ஆறு பெண்களும் தோளிலிருந்து பையை இறக்காமல் வராந்தாவில் நிற்கிறார்கள். தையல்காரிக்குச் சுருக்கென்கிறது. "உக்காருங்கடி," என்கிறாள். கைப்பையைத் துழாவி, துணியில் குறி போடும் சாக்பீஸை எடுத்து, பூட்டுக்கு மேலே கதவிலேயே வட்டம் போடுகிறாள். குடைப் பாவாடை வெட்டிப் பழகிய கை. கோடு எங்கும் பிசகவில்லை. "ஆரம் ஏழு. பரப்பளவு எவ்வளவு?" மூன்று தேர்விலும் கணக்கில் கோட்டைவிட்ட, மற்றவர்கள் நெட்டைக்கொக்கு என்று கூப்பிடும் உயரமான பெண் எழுந்து வந்து நாற்பத்து நாலு என்று எழுதுகிறாள். "அது ஓரத்துக்கு வைக்கிற லேஸுடி. நான் கேட்டது துணி." ஐந்து பேரும் சிரிக்கிறார்கள், அவளும் சிரித்துவிட்டு, அதை அடித்துவிட்டு, அடுத்த வரியைத் தொடங்குகிறாள். பியூன் வாளியும் ஈரத்துணியுமாகத் திரும்பி வந்து அவள் பின்னால் நிற்கிறார். துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நெட்டைக்கொக்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணா, நிழல் விழுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."