களவு போன கொட்டாவி

குகதாசன் பின்னேர ரியூசன் வகுப்பை முடித்துக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, புதுக்குடியிருப்பு வாசகர் வட்டம் அவர் வாசலில் வந்து நின்றது. வட்டம் என்றாலும் வந்தது இரண்டு பேர்தான்: தலைவர் யோகலிங்கம், செயலாளர் சிவலட்சுமி.

"மாஸ்டர், என்ர புத்தகத்தைத் தாங்கோ," என்றார் யோகலிங்கம், கதிரையில் உட்காராமலே.

"எந்தப் புத்தகம்?"

"'கொட்டாவியின் வரலாறு'. போன கிழமை பேப்பரில நீங்கள் விமர்சனம் எழுதினியளே, அதுதான்."

குகதாசன் பலகை துடைப்பானைக் கீழே வைத்தார். அறிவியல், வரலாறு, மனித நடத்தை என்று ஐந்து வருடமாகப் புத்தக விமர்சனம் எழுதுகிறவர். அவர் கிழித்துத் தோரணம் கட்டிய புத்தகங்களே அதிகம். இந்த ஒன்றைத்தான் வாயாரப் புகழ்ந்திருந்தார்.

சிவலட்சுமி விளக்கினார்: "தலைவர் அதை எப்பவோ வாசிச்சிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை அதைப்பற்றிப் பேசுறதெண்டு நோட்டீசும் அடிச்சாச்சு. இப்ப பார்த்தால் அலுமாரியில புத்தகத்தைக் காணேல்லையாம். கடைசியா அவரின்ர வீட்டுக்கு வந்து போனது நீங்கள்தானாம்."

"நீல அட்டை. உள்ளுக்கு நான் பென்சிலால கோடும் கீறினனான்," என்றார் யோகலிங்கம்.

குகதாசன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மனுசன் கண் இமைக்கவில்லை.

"நாங்கள் களவெண்டு சொல்லேல்லை, மாஸ்டர்," சிவலட்சுமி குரலைத் தணித்தார். "விமர்சனம் எழுத நீங்கள் வாசிச்ச புத்தகத்தை ஒருக்காக் காட்டுங்கோவன். அது உங்கடை எண்டால் நாங்கள் போயிடுவம். இல்லாட்டிப் பேப்பருக்கு எழுத வேண்டி வரும்."

குகதாசனின் கை மேசையிலிருந்த அலுமாரிச் சாவியைத் தொட்டது. எடுக்கவில்லை.

"ஓம்," என்றார் கடைசியில். "நான்தான் எடுத்தனான். வவுனியாவுக்குப் போகேக்க பஸ்ஸில தவற விட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"சீ! படிச்ச மனுசன்!" சிவலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கினார்.

யோகலிங்கமோ கோபிக்கவில்லை. "சரி, சரி, விடுங்கோ. பேப்பருக்கு ஒண்டும் எழுத வேண்டாம். இந்தக் கதையை இதோட விடுவம்," என்று அவசர அவசரமாகச் சைக்கிளில் ஏறினார்.

எழுத ஒரு புத்தகமும் அகப்படாத போன கிழமை, அந்தத் தலைப்பையும் எழுத்தாளரையும் பக்கங்களையும் தன் மண்டையிலிருந்தே உண்டாக்கியிருந்த குகதாசன், இல்லாத புத்தகத்தைக் களவு கொடுத்தவர் சந்தி திரும்பும்வரை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்.