மேட்டுக்கு ஏறிய கிடை

அறுவடை முடிந்த வயலுக்கு ஆட்டுரம் வேண்டுமென்று, ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து ஆடு மேய்க்கும் கீதாரி ஊர்க்காவலனை, ஆடுகளை வயலில் அடைத்துக் கிடை போட அழைத்தவர் வைத்திலிங்கம்தான். வந்த நாள்முதல் ஏளனம். இன்றும் நடுப்பகலில், தார்ச்சாலையில் காயும் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே ஆரம்பித்தார்.

"உங்க ஊர்ல என்னடா இருக்கு? கருவேலமுள்ளும் வெளுத்த வானமுந்தானே? எங்க தென்னை வாழையப் பாத்துக் கண்ணாவது குளிரட்டும்."

ஊர்க்காவலன் அண்ணாந்து பார்த்தார். அவர் ஊரில் பார்ப்பதற்கு வானத்தைத் தவிர வேறொன்றும் இல்லைதான். ஆவணி பிறந்தால் ஊரே அண்ணாந்து நிற்கும். இங்கே மதகைத் திறந்தால் தண்ணீர் வந்துவிடுகிறது, ஒருவரும் தலைநிமிர்வதில்லை. தென்கிழக்கு மூலையில் சட்டியின் அடிக்கரிபோல ஒரு கறுப்பு திரண்டிருந்தது. ஆடுகள் மேயாமல் அதற்கு முதுகைக் காட்டி நின்றன.

கிடையைச் சுற்றி அடைத்திருந்த படல்களைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஆடுகளை மேட்டுப் பக்கம் திருப்பினார். சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியும் போட்டுக்கொண்டார்.

"கொளுத்துற வெயில்ல மழைக்குப் போடுறதப் போடுறான் பாரு, பொட்டக்காட்டான்!" வைத்திலிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

எச்சரித்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊர்க்காவலன் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் நல்லாப் பரப்பி விடுங்கய்யா," என்றார். "காயட்டும்."