எதிர்வீட்டு மாப்பிள்ளை

நாற்பத்திரண்டு வயது மகன் சுடச்சுடக் கோழித் தட்டைத் தூக்கிக்கொண்டு, ஒரு வீட்டுக் கதவிலிருந்து எதிர்வீட்டுக் கதவுக்குப் போவதைப் பார்த்ததும் மேவிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்வான்சி நகரத்தில் அந்தக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இரண்டு வருஷமாக இதே கூத்துதான். இந்தப் பக்கம் ஒற்றை அறையில் எம்லின். அந்தப் பக்கம் இரண்டு அறையில் கேரிஸும் அவளுடைய ஏழு வயது மகள் மாலியும். நடுவே நாலடி நடை. காதலிக்கிறார்கள், ஞாயிறு தவறாமல் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், ஒரே வீட்டில் மட்டும் இருக்க மாட்டார்களாம்!

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தனியாகப் பிள்ளை வளர்க்கிறவள் என்று கேரிஸுக்கு மாதாமாதம் அரசாங்க உதவித்தொகை வருகிறது. எம்லின் உள்ளே குடிவந்தால் அவன் சம்பளத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பஸ் ஓட்டுகிறவன், நல்ல சம்பளம். அவள் தொகை நின்றே போகும்.

"போகட்டுமே! என் பிள்ளை சம்பாதிக்கலையா?" என்று மேவிஸ் தன்னோடு பிங்கோ விளையாடும் தோழிகளிடம் நூறு தடவை கேட்டாயிற்று. இன்று நேரிலேயே கேட்டுவிடுவது என்றுதான் கேக் டப்பாவோடு மூன்று மாடி ஏறி வந்திருந்தாள். லிஃப்ட் வழக்கம்போல் படுத்துவிட்டது. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

கேரிஸ் வீட்டில் சாப்பாடு முடிந்தது.

"கஸ்டர்ட் பொடி என் வீட்டுலதான் இருக்கு. நானே கிண்டி எடுத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்தான் எம்லின். மாலியும் கூடவே ஓடினாள்.

கதவு சாத்தியதுதான் தாமதம்.

"கேரிஸ், நேராவே கேக்கறேன். என் பிள்ளை என்ன பால்காரனா, வாசலோட வந்துட்டுப் போறதுக்கு?"

கேரிஸ் சிரித்தாள். "எந்தப் பால்காரன் கோழி சுட்டு எடுத்துட்டு வரான், மேவிஸ்?"

"விளையாடாதே. அவன் ரூமைப் பார்த்தியா? சுவர் பூரா ஈரம். பூஞ்சை. கிறிஸ்துமஸ்லேர்ந்து இருமிட்டே இருக்கான். அந்தப் பொந்துக்கு ஒரு வாடகை வேற! இங்கே கதகதன்னு ரெண்டு ரூம். உனக்கு அந்த அரசாங்கப் பணம் பெருசு, என் பிள்ளை நெஞ்சு சிறுசு. அப்படித்தானே?"

கேரிஸின் சிரிப்பு நின்றது. "அப்படியா நினைச்சுட்டிருக்கீங்க?"

"வேற எப்படி நினைக்கறது? நாங்கல்லாம் குடும்பம் நடத்தலையா? கல்யாணமான நாள்லேர்ந்து எனக்கும் அவருக்கும் ஒரே கூரை, ஒரே பர்ஸ். எல்லாம் அவர் கையில. பணம்னு ஒரு தலைவலி எனக்கு இருந்ததே கிடையாது. நீ என்னடான்னா, ரெண்டு வருஷத்துல அவனுக்கு ஒரு சாவிகூடக் கொடுக்கலை!"

கேரிஸ் எழுந்து போய் மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஒரு சாவியை எடுத்து மேவிஸ் முன்னால் வைத்தாள். அதில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பன் வெளுத்துப் போயிருந்தது.

"போன வருஷம் அவன் பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்துட்டான். இந்த வருஷம் கேக்குக்குள்ள வெச்சுக் கொடுத்தேன். கேக்கைத் தின்னுட்டு, சாவியைக் கழுவித் துடைச்சுத் திருப்பிக் கொடுத்துட்டான்."

"அவனா?"

"அவனேதான். தொகை போனாப் போகுது, வந்துடுன்னு நான்தான் கெஞ்சிட்டிருக்கேன். 'உன் பயிற்சி முடியட்டும், கையில சொந்தச் சம்பளம் வரட்டும். மறுநாளே பெட்டியோட வந்து நிக்கறேன்'ங்கறான். செப்டம்பர்ல எனக்குப் பல் ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சுடும். அதுவரைக்கும் இருமிட்டே இருப்பானாம்."

மேவிஸுக்குச் சுருக்கென்றது. "ஏன்? அதுவரைக்கும் உனக்குக் கொடுக்க அவனுக்கு மனசில்லையா? என் பிள்ளை அவ்வளவு கஞ்சனா?"

"ஐயோ, கஞ்சனா! கேட்டா உயிரையே கொடுப்பான். நான் கேக்கற மாதிரி ஆயிடக் கூடாதுங்கறதுதான் அவனோட கவலையே."

"என்ன உளர்றே?"

கேரிஸ் சாத்தியிருந்த வாசல் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரே ஒரு தடவைதான் சொன்னான். சின்ன வயசுல ஒரு பொம்பளையைப் பார்த்திருக்கானாம். வெள்ளிக்கிழமையானா, புருஷன் சம்பளக் கவரோட வந்து உக்காருவாராம். அவ எதிர்ல நின்னு, பஸ்ஸுக்கு இவ்வளவு, பிள்ளை ஷூவுக்கு இவ்வளவுன்னு ஒவ்வொண்ணுக்கும் காரணம் சொல்லிக் கேப்பாளாம். அவர் நம்பினாத்தான் காசு மேசைக்கு வருமாம். 'என் எதிர்ல நீ ஒரு நாள்கூட அப்படி நிக்கக் கூடாது கேரிஸ்'னு சொல்லிட்டு அழுதுட்டான். யாரு அந்தப் பொம்பளைன்னு கேட்டேன். சொல்லவே மாட்டேங்கறான்."

கதவு திறந்தது. மாலி கரண்டிகளோடு முன்னால் வர, பின்னால் சட்டியோடு எம்லின், இருமிக்கொண்டே.

"அம்மா, கஸ்டர்ட் கட்டி தட்டிடுச்சு. திட்டாதே!"

மேவிஸ் திட்டவில்லை. மேசைமேல் இருந்த சாவியை எடுத்து, ரிப்பனைச் சரி செய்து, தானே இழுப்பறையில் வைத்து மூடினாள். "செப்டம்பர் வரைக்கும் பத்திரமா இருக்கட்டும்" என்றாள்.

வெள்ளிக்கிழமைகளில் மேசைக்கடியில் பொம்மை பஸ் ஓட்டிக்கொண்டிருந்த பையன் எதையும் பார்க்கவில்லை என்றுதான் அவள் இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தாள்.