காட்டேரியின் மெய்க்காவலன்

"இந்த வசனத்தை என் வாயால சொல்ல மாட்டேன். வேற ஆளைப் பாத்துக்குங்க."

டப்பிங் அறையில் மைக்கின் முன் நின்றிருந்த கணீர், ஹெட்போனைக் கழற்றி வைத்தார். குரலை வைத்து வந்த பட்டப்பெயர் அது. சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும். சட்டைப் பையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்து, தாளில் இருந்த வசனத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். நீளமான வசனத்தை வெட்டிக் குறைத்து, படத்தில் பேசுகிறவனின் உதட்டசைவுக்குள் உட்கார வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் இன்றைக்கு வெட்டியது நீளத்துக்காக அல்ல, ஆத்திரத்தில்.

ஆத்திரம் வராதா பின்னே? வேறு ஏதோ தேசத்தில், வேறு ஏதோ மொழியில் எடுத்த தொலைக்காட்சித் தொடர் அது. கழுத்தைக் கடித்து ரத்தம் குடித்தே முந்நூறு வருஷம் சாகாமல் வாழும் ஒரு காட்டேரிப் பிரபு. அவருக்கு ஒரு மெய்க்காவலன். மூன்று வருஷமாக அந்த மெய்க்காவலனுக்குத் தமிழ்க்குரல் கணீர்தான். இன்று வந்திருக்கும் பகுதியில், சவப்பெட்டிக்குள் உறங்கும் பிரபுவின் நெஞ்சில் அவனே மர ஆப்பை இறக்குகிறான். இறக்கிவிட்டு, வேலை முடிந்து கை கழுவுகிறவன் மாதிரி, "என் கடமை முடிந்தது" என்கிறான்.

"கடமையாம், கடமை" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளரிடம் பொருமினார் கணீர்.

முதலைக்கும் பிணத்துக்கும் மூட்டுவலித் தைலத்துக்கும் இருபது வருஷம் குரல் கொடுத்தவர் அவர். அதுவரை ஒரு நாய்கூட அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. மெய்க்காவலன் வந்த பிறகுதான் அவருக்கு வீட்டிலேயே மரியாதை வந்தது. அதுவரை மாமனாரைக் கண்டால் செல்போனுக்குள் தலையைப் புதைத்துக்கொள்ளும் மாப்பிள்ளை, நண்பர்களைக் கூட்டிவந்து, முதல் பகுதியில் மெய்க்காவலன் பிரபுவின் முன் மண்டியிட்டுச் சொல்லும், "உங்கள் காலடியிலேயே கிடப்பேன்" என்பதை ஒரு தரம் சொல்லிக் காட்டச் சொல்லிக் கெஞ்சினான். இப்போது அதே குரலில் துரோகம் செய்துவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

வெள்ளிக்கிழமை ஒளிபரப்பு, பேச மறுத்தால் சேனல்காரர்கள் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், அப்புறம் மெய்க்காவலன் கைவிட்டுப் போய்விடுவான் என்று ஒலிப்பதிவாளர் நயமாகச் சொல்லிப் பார்த்தார். போனால் போகட்டும் என்றார் கணீர்.

சத்தம் கேட்டு, பக்கத்து அறையிலிருந்து வசனம் எழுதும் பெண் வந்தாள். முன்பு எழுதியவர் விலகிப் போனதால், போன வருஷம்தான் இந்தத் தொடருக்கு வந்தவள்.

"ஏம்மா, உனக்கே நியாயமா இருக்கா?" என்று அவளைப் பிடித்துக்கொண்டார் கணீர். "இவனா துரோகி? நாப்பதாவது பகுதியில பிரபுவுக்கு வந்த அம்பை மார்ல வாங்கினான். இவனோட சொந்தத் தம்பியே பிரபுவைக் கொல்ல வந்தப்போ, 'இவர் உயிரை வேறு எவனும் தொடக் கூடாது'ன்னு குறுக்க விழுந்தான். அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டி நாலு நாள் பேச்சே வரல."

"அங்கேருந்து வர்றதைத்தான் அண்ணே நான் எழுதறேன். படத்துல அவன் கை ஆப்பைக் குத்துது. அவன் வாயை மட்டும் நான் எப்படி மாத்தறது?" என்றாள் அவள். அவளுக்கும் ஒன்று புரியவில்லையாம். அந்த தேசத்தில் இந்தப் பகுதி வந்தபோது, ஜனங்கள் மூன்று வருஷமாக இதற்காகவே காத்திருந்த மாதிரி எழுந்து நின்று கை தட்டினார்களாம்.

"நன்றி கெட்ட ஜனம், தட்டும்" என்றார் கணீர். "அந்தக் கதை எழுதறவனுக்கு நான் லெட்டர் போடறேன். முதல் நாள் என்ன எழுதினோம்னே மறந்துட்டான் அவன். பொறுப்பில்லாத பய. இவன் துரோகின்னு முதல் பகுதியில ஒரு வார்த்தை காட்டு, இப்பவே பேசிட்டுப் போறேன்."

அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. இரும்பு பீரோவின் அடித்தட்டில் கிடந்த பழைய வசனத்தாள் கட்டை இழுத்து, தூசி தட்டிப் பிரித்தாள். முதல் பகுதியின் இரண்டாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. படித்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள்.

"என்னம்மா, இருக்கா?"

அவள் தாளை அவரிடம் நீட்டினாள். மண்டியிடும் காட்சி. மெய்க்காவலன் தலையைக் குனிந்து தனக்குள் முணுமுணுக்கும் வசனம், முன்பு எழுதியவர் தட்டச்சு செய்தபடியே இருந்தது: "என் தகப்பனைக் கொன்றவனே, என் கையால் நீ சாகும் நாள்வரை உன் காலடியிலேயே கிடப்பேன்."

கடைசி மூன்று வார்த்தைகளை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பச்சை மையில் ஒரு கோடு அடித்திருந்தது. 'உன்' என்பதை மரியாதையாக 'உங்கள்' என்று திருத்தி, ஓரத்தில் கணீரின் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: "வசனம் ரொம்ப நீளம். இவ்வளவு போதும்."